சர்வதேசப் பாடத்திட்டமும் ஆப்பிரிக்கப் பண்பாடும்: நடுநிலை வகுப்புகளில் இரண்டும் சேருவது எப்படி?

நைரோபி, அக்ரா, லாகோஸ், ஜோகன்னஸ்பர்க் போன்ற நகரங்களில் பிள்ளையை ஆறாம், ஏழாம் வகுப்பில் சேர்க்கத் தனியார் பள்ளி தேடும் பெற்றோருக்குப் பல பள்ளிகள் இரண்டு வாக்குறுதிகளைச் சேர்த்தே தருகின்றன. ஒன்று, கேம்பிரிட்ஜ் அல்லது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம். இன்னொன்று, ஆப்பிரிக்க விழுமியங்கள். முதல் வாக்குறுதியில் குழப்பமில்லை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ஒரு சான்றிதழுக்கான பாதை அது. இரண்டாவதைத்தான் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். எந்த விழுமியம்? யாருடையது? எந்தப் பாடவேளையில் அது வருகிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்பாடு கணக்கு வகுப்புக்குள்ளும் வரலாற்று வகுப்புக்குள்ளும் வந்து, அதற்கு மதிப்பெண்ணும் இருந்தால்தான் இந்தக் கலப்பு உண்மையானது. ஆண்டு விழாவில் மேளமும் வண்ணத் துணியும் மட்டும் இருந்தால் பிள்ளைகள் புரிந்துகொள்ளும் செய்தி வேறு: படிப்பு அங்கிருந்து வருவது, கொண்டாட்டம் இங்கிருந்து வருவது. அந்தச் செய்தி ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே நிறைய சேதம் செய்திருக்கிறது.

இரண்டும் ஏன் சேர வேண்டும் என்று புரிய, கடந்த நூற்றாண்டின் இரண்டு அனுபவங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது கென்யாவில் நடந்தது. எழுத்தாளர் கூகி வா தியாங்கோ சிறுவயதில் தன் தாய்மொழியான கிகுயுவில் படித்தார். 1952-இல் பிரிட்டிஷ் காலனி அரசு அவசரநிலை அறிவித்ததும் கிகுயு மக்கள் நடத்திவந்த சுதந்திரப் பள்ளிகள் அரசின் பிடிக்குள் போயின, பாடமொழி ஆங்கிலமானது. பள்ளி வளாகத்தில் கிகுயு பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி கிடைக்கும், அல்லது அவமானப்படுத்தும் வாசகம் எழுதிய தகடு கழுத்தில் தொங்கும் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். தமிழில் பேசினால் அபராதம் என்று சொல்லும் பள்ளிகளைப் பார்த்த நமக்கு இது விளங்காத விஷயம் அல்ல. சான்றிதழ் கிடைத்தது, கூடவே வீட்டு மொழியைப் பற்றிய வெட்கமும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது அனுபவம் தென்னாப்பிரிக்காவுடையது. அது இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். 1953-இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வழிக் கல்வியையும் 'சொந்தப் பண்பாட்டையும்' வலியுறுத்தியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் நோக்கம் அந்தப் பிள்ளைகள் கூலி வேலைக்கு மேல் எதற்கும் ஆசைப்படக் கூடாது என்பது. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வூர்ட் அதை மறைக்கவும் இல்லை. வெள்ளையர் பள்ளிக்குக் கிடைத்த பணத்தில் சிறு பங்குதான் கறுப்பினப் பள்ளிக்குப் போனது. பிறகு 1974-இல் கணக்கையும் சமூக அறிவியலையும் வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1976-இல் அதை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் முதலில் வகுப்பைப் புறக்கணித்தவர்கள் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள். ஜூன் 16 அன்று போலீஸ் சுட்டதில் இறந்த ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது 12.

ஆகவே ஒரு ஆப்பிரிக்கப் பெற்றோர் இரண்டு பக்கமும் சந்தேகத்தோடு பார்க்கிறார். வெறும் வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்றால் பிள்ளை வீட்டுக்கு அந்நியமாகிவிடுமோ என்ற பயம். 'நம்ம பண்பாட்டுக் கல்வி' என்று மட்டும் சொன்னால், இது இரண்டாந்தரப் படிப்பை அழகான பெயரில் விற்கும் வேலையோ என்ற பயம். இரண்டு பயங்களுக்கும் வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. சர்வதேசச் சான்றிதழையும் சொந்தப் பண்பாட்டையும் ஒரே பள்ளியில் கேட்பதை வெறும் அந்தஸ்து ஆசை என்று தள்ளிவிடுவோர் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

இதை முதலில் பெரிய அளவில் முயன்று பார்த்த இடம் இன்றைய கானாவில், அக்ராவுக்குப் பக்கத்தில் உள்ள அச்சிமோட்டா. கோல்ட் கோஸ்ட் (கானாவின் அன்றைய பெயர்) ஆளுநர் கக்கிஸ்பர்க் 1924-இல் தொடங்கிவைத்த பள்ளி அது, 1927-இல் முறைப்படி திறக்கப்பட்டது. அவரோடு சேர்ந்து அதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் ஜேம்ஸ் அக்ரே. கோல்ட் கோஸ்டில் பிறந்து அமெரிக்காவில் படித்துப் பேராசிரியராக இருந்தவர். பியானோவில் வெள்ளைக் கட்டையை மட்டும் வாசித்தாலும் கறுப்புக் கட்டையை மட்டும் வாசித்தாலும் ஏதோ ஒரு மெட்டு வரும், இசை முழுமையாக வர இரண்டும் வேண்டும் என்பது அவருடைய புகழ்பெற்ற வாதம். பள்ளியின் சின்னத்தில் இன்றும் பியானோக் கட்டைகள்தான் இருக்கின்றன. இன்னொருவர் முதல் முதல்வரான அலெக்சாண்டர் ஃப்ரேசர். அவர் அச்சிமோட்டாவுக்கு வந்தது நமக்கு மிகவும் தெரிந்த ஊரிலிருந்து. அதற்கு முன் சுமார் இருபது ஆண்டுகள் கண்டி திரித்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆங்கிலம் மட்டுமே படிப்பு என்று கருதப்பட்ட அந்தக் காலத்தில் அங்கே சிங்களத்தையும் தமிழையும் பாடங்களாகக் கொண்டுவந்தார். கண்டியில் செய்து பார்த்ததைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னும் விரிவாகச் செய்தார் எனலாம்.

அச்சிமோட்டாவில் சிறு வகுப்புகளில் உள்ளூர் மொழிகள் இருந்தன, உள்ளூர் இசையும் கைவினையும் இருந்தன, மேல் வகுப்பில் கேம்பிரிட்ஜ் சான்றிதழ்த் தேர்வும் இருந்தது. இசையமைப்பாளர் எஃப்ரயிம் அமுவின் கதை இந்தப் பள்ளியின் அருமையைக் காட்டும். அக்ரோபோங் நகரில் ஒரு மிஷன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் வேலை பார்த்தார். ஆப்பிரிக்க உடையில் பிரசங்க மேடை ஏறியதையும் வழிபாட்டில் ஆப்பிரிக்க இசைக்கருவிகளைச் சேர்த்ததையும் திருச்சபை ஏற்கவில்லை. 1933-இல் வேலை போனது. அவரை அழைத்துக்கொண்டது அச்சிமோட்டா. கானா மக்கள் இன்று இரண்டாவது தேசிய கீதம் போலப் பாடும் பாட்டு அவர் எழுதியது.

அந்த முயற்சியும் முழு வெற்றி அல்ல. வருடங்கள் போகப் போக கேம்பிரிட்ஜ் தேர்வின் எடை கூடிக்கொண்டே வந்தது. தேர்வில் எது வருமோ அதற்குத்தான் மாணவரும் பெற்றோரும் மதிப்புக் கொடுத்தார்கள். இன்றைய பள்ளிகளுக்கும் இதே சிக்கல்தான்.

1963-இல் ஸ்வாசிலாந்தில், இன்றைய எஸ்வாத்தினியில், வாட்டர்ஃபோர்ட் பள்ளி திறந்தது. எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி பிள்ளைகளை இனம் பிரித்துப் படிக்க வைத்த காலம். அதை மறுத்து எல்லா இனப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் சேர்த்தார் மைக்கேல் ஸ்டெர்ன். மன்னர் இரண்டாம் சோபுசா 1967-இல் பள்ளிக்குக் கம்ஹ்லாபா என்ற பெயரையும் கொடுத்தார். சிறையில் இருந்த மண்டேலாவின் மகள்கள் இங்கே படித்தார்கள். டெஸ்மண்ட் டூட்டுவின் பிள்ளைகளும் படித்தார்கள். இன்று இது யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் குழுமத்தின் பகுதி. நடுநிலை வகுப்பில் சேர்ந்து, ஐஜிசிஎஸ்இ (சுமார் 16 வயதில் எழுதும் சர்வதேசத் தேர்வு) எழுதி, ஐபி வரை போகலாம். விழுமியம் என்பது இங்கே பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயமாக வரவில்லை. யாரோடு யார் சேர்ந்து சாப்பிட்டு உறங்கிப் படிக்கலாம் என்ற முடிவாகவே வந்தது. பெயர்ப் பலகையில் எழுதிவைக்கும் விழுமியங்களை விட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, ஏன் குறிப்பாக நடுநிலை வகுப்புகள்? பாடத்திட்டங்களின் அமைப்பே இதற்குக் காரணம். 14 வயதுக்கு மேல் ஐஜிசிஎஸ்இ தொடங்கியதும் வெளியிலிருந்து வரும் பாடப்பட்டியல்தான் ராஜா. வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதை நடத்தியாக வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அப்படி அல்ல. கேம்பிரிட்ஜின் கீழ்நிலை இடைநிலைத் திட்டம் 11 முதல் 14 வயது வரைக்கானது. என்ன திறன் வர வேண்டும் என்று சொல்லும், எந்தக் கதை, எந்த ஊர், எந்த உதாரணம் என்பது பெரும்பாலும் பள்ளியின் கையில். ஐபியின் நடுநிலைத் திட்டம் 1994-இல் வந்தது, 11 முதல் 16 வயது வரை. அது இன்னும் தாராளம். எட்டுப் பாடப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு மதிப்பீட்டு அளவுகோல்கள், அடையாளமும் உறவுகளும், நியாயமும் வளர்ச்சியும் என்பது போன்ற ஆறு உலகச் சூழல்கள். ஜெனீவாவிலிருந்து வருவது இந்தச் சட்டகம் மட்டும்தான், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வருவதில்லை. உள்ளே எதை வைப்பது என்பது ஆசிரியரின் உழைப்பு. உழைக்காத பள்ளியில் அந்த இடத்தை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அச்சான புத்தகம் நிரப்பிவிடும்.

உழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சோனா. கிழக்கு அங்கோலாவிலும் பக்கத்து நாடுகளிலும் வாழும் சொக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் ஓவியம் இது. முதலில் விரல் நுனியால் வரிசை வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். பிறகு கதை சொல்லிக்கொண்டே, விரலை எடுக்காமல், புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரே கோடாக இழுத்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவருவார்கள். படிக்கும்போதே உங்களுக்கு வாசலில் போடும் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்திருக்கும். அந்த நினைப்பு சரியானதே. மொசாம்பிக்கில் பல்லாண்டுகள் வேலை செய்த கணிதவியலாளர் பாலுஸ் கெர்டஸ் சோனாவை ஆராய்ந்தபோது தமிழ்நாட்டுக் கோலங்களோடு அதை ஒப்பிட்டே எழுதினார். இங்கே பெண்கள் கையில் இருக்கும் கலை, அங்கே ஆண்களுடையது. முகாண்டா என்ற பருவச் சடங்கின்போது ஊருக்கு வெளியே முகாமில் தங்கியிருக்கும் சிறுவர்களுக்கு எளிய சோனாக்களைக் கற்றுத் தருவார்கள். அந்தச் சமூகத்தின் நடுநிலைப் பள்ளி அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதில் கணக்கு எங்கே? மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். ஓரங்களில் திரும்பி, மூலைவாட்டில் புள்ளிகளுக்கிடையே போகும் கோடு ஒரே சுற்றில் எல்லாப் புள்ளிகளையும் வளைத்துவிடும். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளி என்றால் ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று கோடுகள். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு அளவுகளுக்கு வரைந்து அட்டவணை போட்டால் விதி தானாக வெளியே வரும்: தேவைப்படும் கோடுகளின் எண்ணிக்கை, வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி. ஆறாம் வகுப்பில் காரணமே புரியாமல் மனப்பாடம் செய்யும் அந்தக் கணக்கு, மணலில் கண்ணுக்குத் தெரிகிறது. ஐபி நடுநிலைக் கணித மதிப்பீட்டில் ஒரு அளவுகோலின் பெயரே 'அமைப்பொழுங்குகளை ஆராய்தல்'. இந்தப் பாடம் அதற்குள் அப்படியே உட்காரும், மதிப்பெண்ணும் பெறும். எட்டாம் வகுப்பு வந்தால் விதி ஏன் சரி என்று காரணம் காட்டச் சொல்லலாம். அது சுலபமில்லை, நல்ல சவால். பண்பாட்டைப் போற்றுகிறோம் என்று தனியாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. அங்கோலாவின் முன்னோர்கள் கணிதம் யோசித்தார்கள் என்பதைப் பிள்ளை தன் கையால் கண்டுபிடித்துவிடுகிறது.

வரலாற்று வகுப்பில் இதற்கு இணையாக, இன்றைய ஜிம்பாப்வேயில் இடிபாடாக நிற்கும் பழைய கல் நகரமான கிரேட் ஜிம்பாப்வேயைச் சொல்வேன். சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய அந்தப் பெரும் சுவர்களை 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர்கள். ஆனால் காலனி ஆட்சியில் இது பினீசியர் கட்டியது, சேபா அரசியின் ஊர் என்றெல்லாம் எழுதினார்கள். ஆப்பிரிக்கரால் முடியாது என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டு, ஆதாரத்தைப் பிறகு தேடினார்கள். 1905-இல் ராண்டல் மக்ஐவரும், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழாய்வு செய்து, உள்ளூர் மக்கள் கட்டியதே என்று காட்டிய பிறகும் ரொடீசிய (அந்நாட்டின் அன்றைய பெயர்) வெள்ளையர் அரசு அதை மறைக்கப் பார்த்தது. தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்த இடிபாட்டின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. ஒரு 13 வயதுப் பிள்ளையிடம் 1890-களின் பயணக் குறிப்பு ஒன்றையும் 1929 அகழாய்வின் முடிவையும் கொடுத்து, எழுதியது யார், எதற்காக எழுதினார், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். மூலங்களை எடைபோடும் திறன் என்று சர்வதேசப் பாடத்திட்டம் கேட்பது இதைத்தான். அங்கே கிடைத்த சீனப் பீங்கானையும் இந்தியக் கண்ணாடி மணிகளையும் காட்டினால் இந்தியப் பெருங்கடல் வணிகத்துக்குப் போய்விடலாம்.

இப்படிப் பாடங்களுக்குள்ளேயே கலப்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் பள்ளிகள் இருக்கின்றன. 2003-இல் மொம்பாசாவில் திறந்த ஆகா கான் அகாடமி ஐபி பள்ளிதான். நெறிமுறை, பன்மைத்துவம், பண்பாடுகள், ஆட்சிமுறையும் குடிமைச் சமூகமும், வளர்ச்சிக்கான பொருளாதாரம் என்ற ஐந்து இழைகளைத் தனிப் பாடமாக வைக்காமல், இருக்கிற பாடங்களின் ஊடே பின்னுவது அவர்கள் முறை. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் காங்கா துணியின் ஓரத்தில் சுவாஹிலிப் பழமொழியோ வாசகமோ அச்சிட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல முடியாததைத் துணியே சொல்லிவிடும். ஒரு சுவாஹிலி மொழி ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்குமா? (இந்தியாவில் அச்சாகி அங்கே போன காங்காக்கள் ஏராளம்.)

மொழிதான் எல்லாவற்றிலும் கடினமான இடம். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு சுவாஹிலி என்ற பொதுமொழி இருப்பதால் கொஞ்சம் வசதி. லாகோஸில் ஒரே வகுப்பில் யொரூபா, இக்போ, ஹவுசா பேசும் பிள்ளைகள் இருப்பார்கள், அக்ராவில் ட்வி, கா, இவே. கண்டம் முழுவதும் சேர்த்து மொழிகள் ஆயிரத்துக்கு மேல். எல்லாவற்றுக்கும் ஆசிரியரை வைக்க எந்தப் பள்ளியாலும் முடியாது. இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் தோற்று, பிரெஞ்சை இரண்டாம் மொழியாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் வழியே இல்லை என்பதும் சரியல்ல. பாட்டியிடம் ஒரு கதையை வீட்டு மொழியில் கேட்டு, அந்த மொழியிலேயே எழுதி, வகுப்பில் வாசித்து, பிறகு ஆங்கிலத்தில் விவாதிக்க வைக்கலாம். ஐபி மேல்நிலையில் பள்ளியின் துணையோடு மாணவர் தன் தாய்மொழி இலக்கியத்தைத் தானே படித்துத் தேர்வு எழுத வழி இருக்கிறது. நடுநிலையில் அந்த மொழியில் எழுதிப் பழகாத பிள்ளைக்கு 16 வயதில் அந்தக் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

விழுமியங்களுக்கு வருவோம். 'ஆப்பிரிக்க விழுமியங்கள்' என்று ஒரே மூட்டையாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். பள்ளிகள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வது உபுண்டு என்ற தெற்கத்திச் சிந்தனையை: ஒருவர் மனிதராவது மற்ற மனிதர்கள் வழியாகத்தான் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பறையில் அது மதிப்பீட்டு முறையோடு உடனே மோதும். ஐபியில் குழுவாக வேலை செய்தாலும் மதிப்பெண் பெரும்பாலும் தனித்தனி. கூடிச் செய்வதே பெருமை என்று வளர்ந்த பிள்ளையிடம் உன் பங்கு எது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறோம். இந்த மோதலை மறைக்காமல் பிள்ளைகளோடு பேசும் ஆசிரியரை நான் மதிக்கிறேன். ஐபி நடுநிலையில் உள்ள சமூகத் திட்டப்பணி இதற்குக் கொஞ்சம் இடம் தருகிறது. மூன்று பேர் வரை சேர்ந்து ஊரின் ஒரு தேவையை எடுத்துச் செய்யலாம். கென்யாவில் ஊர்கூடிப் பள்ளி கட்டிய ஹராம்பே மரபும், ருவாண்டாவில் மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் பொதுவேலைக்கு வரும் உமுகாண்டாவும் இதற்கு ஏற்கெனவே அடித்தளம் போட்டிருக்கின்றன.

இன்னொரு மோதல் பெரியோரை மதிப்பது பற்றியது. 1963-இல் தான்சானியாவின் மகாம்பா பள்ளியில் எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணவர் ஐஸ்கிரீம் செய்யக் காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே குளிர்பெட்டியில் வைத்தார். ஆறிய பாலுக்கு முன்னால் அது உறைந்தது. ஏன் என்று கேட்டபோது ஆசிரியர் நம்பவில்லை, 'எம்பெம்பாவின் இயற்பியல்' என்று கேலி செய்தார். பின்னர் இரிங்காவில் மேல்நிலை படிக்கும்போது, பேச வந்திருந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். சக மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்ன் சோதனை செய்து பார்த்தார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. எம்பெம்பா விளைவு பற்றி இயற்பியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மூத்தவரை மதிப்பது என்பதை, மூத்தவரைக் கேள்வி கேட்காதே என்று ஒரு பள்ளி கற்றுத் தருமானால், அடுத்த எம்பெம்பா வாயைத் திறக்கமாட்டார். அதற்காக மரபைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, மரபுக்குள்ளேயே கேள்விக்கு இடம் உண்டு. போட்ஸ்வானாவின் க்கோட்லா என்ற ஊர்ச்சபையில் தலைவர் முன்னால் எழுந்து மாற்றுக் கருத்துச் சொல்லலாம், தலைவர் கடைசியில்தான் பேசுவார். ஒரு காலத்தில் அங்கே பெண்களுக்குப் பேச இடமில்லை, இன்று உண்டு. சோனாவும் அப்படித்தான். மணலில் சிறுவர்கள் வரைந்ததை வகுப்பறையில் சிறுமிகளும் வரைகிறார்கள். மாறாததுதான் மரபு என்று 12 வயதுப் பிள்ளைக்குச் சொல்வது பொய் சொல்வதாகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. ஐபி, கேம்பிரிட்ஜ் பள்ளிகளின் கட்டணம் அந்தந்த நாட்டுப் பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு எட்டாதது. உதவித்தொகை தரும் பள்ளிகள் உண்டு, ஆனாலும் கணக்குப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் சிறு எண்ணிக்கை. அதனால் இந்த யோசனைகளின் உண்மையான சோதனை அரசுப் பள்ளிகளில்தான் இருக்கிறது. கென்யா 2017-இல் தன் பழைய 8-4-4 முறையை (எட்டாண்டு தொடக்கப் பள்ளி, நான்காண்டு உயர்நிலைப் பள்ளி, நான்காண்டு பல்கலைக்கழகம்) விட்டுத் திறன் அடிப்படைப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கியது. அன்பு, பொறுப்பு, மரியாதை, ஒற்றுமை, அமைதி, நாட்டுப்பற்று, சமூகநீதி, நேர்மை என்ற விழுமியங்களைப் பாடங்களுக்குள்ளேயே சேர்க்கச் சொல்கிறது அந்தத் திட்டம். முதல் மூன்று வகுப்புகளில் வட்டார மொழியே பாடமொழி. 2023 ஜனவரியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலாக இளநிலைப் பள்ளிக்குள் நுழைந்தபோது, தொடக்கப் பள்ளி வளாகங்களிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆய்வகம் இல்லை, பாட ஆசிரியர் போதவில்லை என்ற புகார்கள் அன்று முதல் வந்துகொண்டே இருக்கின்றன. சோனா பாடத்துக்கு ஆய்வகம் தேவையில்லை, மண் போதும். ஆனால் அதை நடத்தத் தெரிந்த கணக்கு ஆசிரியர் ஒருவர் அந்த வகுப்பில் இருந்தாக வேண்டும், அவருக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுக்க வேண்டியது அரசு.